காஜா மிஷினில் எத்தனை பேர்?

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நான் சுகம். பல் வலி மட்டும் போக மனமில்லாமல் கடைவாயில் குடியிருக்கிறது. உன் உடம்பு எப்படி? பஸ் ஓட்டி ஓட்டி மாப்பிள்ளைக்கு வந்த முதுகு வலி குறைந்ததா?

முப்பத்தாறு வயதுப் பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடுவதா என்று நீ முறைப்பது தெரிகிறது. நன்றாக முறைத்துக்கொள்.

போன வாரம் போனில் "நல்லா இருக்கியா" என்று நான் ஒரு தடவை கேட்டேன். நீ மூன்று தடவை "நல்லா இருக்கேன்" என்றாய். அப்போதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. புது சூப்பர்வைசர் வந்திருக்கிறார் என்று ஆரம்பித்தாய். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார் போல, பேச்சை மழைக்கு மாற்றிவிட்டாய். உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே போன், அதுவும் பகலெல்லாம் கம்பெனி பஸ்ஸில் அவரோடு சுற்றுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இஸ்திரிக் கடைக்காரம்மா வாங்கி வைத்துத் தருவார் என்று நீதானே சொன்னாய்?

இந்த வருஷம் எங்கள் அலுவலகத்தில் துணிக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றித்தான் அறிக்கை. பல நாடுகளில் பெண்கள் சொன்னதை வாங்கி, மொழிபெயர்த்து, ஒழுங்குபடுத்துவது என் வேலை. ஏப்ரலில் அந்தத் துணிகளை வாங்கி விற்கும் பெரிய கம்பெனிகளுக்குப் பிரதி போகும். பிறகு பல நாட்டுப் பிரதிநிதிகள் உட்காரும் விசாரணையில் வைப்போம். என் மேஜையில் நூற்று நாற்பது பெண்களின் பேச்சு அடுக்கி வைத்திருக்கிறது. பதினோரு வருஷமாக, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கும் என் சொந்தத் தங்கையின் பேச்சு ஒரு வரிகூட அதில் இல்லை.

புது சூப்பர்வைசர் எப்படி? மழையைப் பற்றி எழுதாதே.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 2

கேள்வி மேல் கேள்வி கேட்கும் அன்புள்ள டீச்சரம்மா அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுவேலை பார். அவர் முதுகு தேவலை. எனக்கு ஒரு காய்ச்சல் வந்துவிட்டுப் போனது, அடிவயிற்றில் கொஞ்சம் வலி. டாக்டரம்மா தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை.

சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டாய். மரியாதையான ஆள். யாரையும் வாடி போடி என்று பேசுவதில்லை. எல்லாரும் அவருக்கு "அம்மா"தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாக்கெட்.

எங்கள் தையல் லைனில் நாற்பத்திரண்டு பேர். பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பெயிண்ட் அடித்த தகர வில்லை. முன்பெல்லாம் லைன் கடைசியில் ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போவோம், வந்து மாட்டுவோம். இவர் வந்த பிறகு அது அடிக்கடி தொலைந்துபோகிறது என்று சொல்லித் தன் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். போய்க் கேட்டால், இரண்டு கையாலும் டார்கெட் ஃபைலைப் பிடித்துக்கொண்டு, "கை வேலையா இருக்கும்மா, நீயே எடுத்துக்கோ" என்பார்.

இவ்வளவுதான். அவர் கை யார் மேலும் படுவதில்லை. நாங்கள்தான் அவர் பாக்கெட்டில் கையை விடுகிறோம். இதை யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

இது எனக்கு நடந்ததில்லை. என் டேபிள் பக்கத்தில் நிற்கும் ஒரு சிநேகிதி சொன்னாள். நீ கேட்டாயே என்று எழுதினேன். இஸ்திரிக் கடைக்காரம்மா, "இவ்வளவு கனமா கடுதாசி எழுதுற அக்கா யாரும்மா?" என்று கேட்டார். பெரிய ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது அதற்குத் தகுந்த மாதிரி செருப்புப் போட்டுக்கொண்டு வா.

உன் தங்கை

&nbsp;

பிப்ரவரி 14

அன்புள்ள வாலுக்கு,

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. நீ தண்ணீர் குடிக்கிறாயா? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் மேஜையிலுள்ள நூற்று நாற்பதிலும் இப்படி ஒன்று இல்லை. அடித்தார்கள், திட்டினார்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள், எல்லாம் இருக்கிறது. கையையே வைக்காமல் ஒருவன் செய்கிற அக்கிரமம் இல்லை. எங்கள் அலுவலகத் தலைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

உன் சிநேகிதியிடம் கேள். இதை அறிக்கையில் போடச் சம்மதமா? அவள் யாரென்று வெளியே தெரியாது. இங்கே ஒரு முறை வைத்திருக்கிறோம். பேர், வயது, வேலை, இந்த மூன்றையும் மாற்றிவிடுவோம். நடந்தது மட்டும் அப்படியே இருக்கும். இந்த முறை வந்த பதினாறு வருஷத்தில் ஒரு பெண்கூட எங்களால் மாட்டிக்கொண்டதில்லை.

அவள் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறாளா? வீட்டில்?

தண்ணீர் குடி.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தண்ணீர் விஷயத்தில் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டாய்? குடிக்கிறேன். காலையில் ஒரு டம்ளர், வீட்டுக்கு வந்த பிறகு நான்கு டம்ளர். நடுவில் தாகமே எடுப்பதில்லை. காய்ச்சல் மறுபடி வந்து மூன்று நாள் படுத்திருந்தேன். அந்த மூன்று நாள் நிம்மதியாக இருந்தது.

சிநேகிதியிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, எழுதினால் வில்லை மறுபடி ஆணியில் தொங்குமா என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். சரி, எழுதச் சொல் என்றாள்.

வீட்டில் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரரும் அதே கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறார். சொன்னால் ஒன்று அடிதடிக்குப் போவார், இல்லாவிட்டால் இவளை வேலையை விட்டு நிறுத்துவார். இரண்டிலுமே இவளைக் கேட்க மாட்டார்.

ஒன்று சொல்லச் சொன்னாள். வில்லை எப்போதும் பாக்கெட்டின் மேலாக இருப்பதில்லை. அடியில் இருக்கும். தேட வேண்டும். இவள் தேடும்போது அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை பீஸ் முடிந்தது என்று கணக்குக் கேட்பார். இவள் பதிலும் சொல்வாள். பதில் சொன்னேனே, பதில் சொன்னேனே என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

பஸ் வந்துவிட்டது, ஹாரன் கேட்கிறது.

உன் தங்கை

&nbsp;

மார்ச் 15

அன்புள்ள வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ டாக்டரம்மாவிடம் போய் சிறுநீர் பரிசோதனை செய்துகொள். அவர் வேண்டாம் என்றாலும் செய்யச் சொல். இது உன் அக்காவின் உத்தரவு.

உன் சிநேகிதி சொன்னதை மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். இருபது வருஷமாகப் பார்க்கும் வேலை. இதைச் செய்யும்போதுதான் இரண்டு தடவை எழுந்து போய் முகம் கழுவினேன்.

ஒரே ஒரு விவரம் வேண்டும். அவளுடைய வேலையை மாற்ற வேண்டும் அல்லவா? செக்கிங் என்று போட்டால் ஆபத்து. உங்கள் லைனில் இரண்டு பேர்தான் செக்கிங் என்று நீ எப்போதோ சொன்ன ஞாபகம். காஜா மிஷினில் வேலை செய்பவள் என்று போடலாமா? உங்கள் லைனில் சட்டைக்குப் பொத்தான் துளை போடும் அந்த மிஷின் எத்தனை, அதில் எத்தனை பேர்? ஏழெட்டுப் பேராவது இருந்தால் யாரையும் குறிப்பாகச் சொல்ல முடியாது. மாற்றிப் போடும் வேலையில் நிஜமாகவே யாராவது தனியாக மாட்டிக்கொள்வார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி.

ஏப்ரல் பத்துக்குள் பதில் வந்துவிட வேண்டும். ஒரு வரி போதும்.

உன் அக்கா

&nbsp;

ஏப்ரல் 14

அன்புள்ள வாலுக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்து, "அவ நல்லாத்தான் இருக்கா, தூங்குறா. எழுப்பவா?" என்றார். வேண்டாம் என்றேன். மத்தியானம் மூன்று மணிக்குத் தூங்குகிற ஆளா நீ?

அறிக்கை போய்விட்டது; உன் சிநேகிதியின் பகுதி தமிழிலும் உள்ள ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கடைசி நாள் வரைக்கும் உனக்காகக் காத்திருந்தேன். தலைவி வந்து மேஜை ஓரத்தில் நின்று, "அந்த டோக்கன் விஷயம் உள்ளே வருகிறதா, இல்லையா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். காஜா மிஷின் என்றே போட்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு பேர் இருக்கும் லைனில் நான்கைந்து மிஷினாவது இருக்காதா? ஆட்சேபம் இருந்தால் நீ எழுதியிருப்பாய்.

பரிசோதனை செய்தாயா?

உன் அக்கா

&nbsp;

மே 9

அக்கா,

உடம்பு விசாரிப்பதெல்லாம் இருக்கட்டும். எங்கள் லைனில் காஜா மிஷின் ஒன்றே ஒன்று. அதில் வேலை பார்ப்பவள் ஒருத்தி.

கம்பெனி முழுக்க அவளைக் காஜாப்பொண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயது. அப்பாவிடமும் அண்ணனிடமும் ஒன்றரை வருஷம் மன்றாடி வேலைக்கு வந்தவள். சாயங்காலம் டைப்பிங் கிளாஸ் போகிறாள். அதுவும் வேலைக்குப் போகிற சாக்கில்தான். "நல்ல பேரோட வந்து போனா போலாம், ஒரு பேச்சு வந்துச்சோ வீட்டோட இருக்கணும்" என்று சொல்லித்தான் வெளியே விட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளை பர்சனல் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். துணி வாங்கும் கம்பெனியிலிருந்து உன் அறிக்கை வந்திருக்கிறது. டோக்கனை பாக்கெட்டில் வைத்திருக்கும் சூப்பர்வைசர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்? எங்கள் லைன் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது வரியில் காஜா மிஷின். அவளை நிற்க வைத்து, அவள் சொன்னதாக நீ எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"இதை நான் எழுதல சார்" என்றாளாம். அப்படியானால் இப்படி எதுவும் நடக்கவில்லை என்று கையெழுத்துப் போடு, நாளைக்கே மிஷினில் உட்காரலாம் என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவள் எழுதவில்லைதானே, போட்டுத் தொலைக்கலாமே! விசாரணை முடியும் வரை வேலைக்கு வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் தகவல் போய்விட்டது. டைப்பிங் கிளாசும் நின்றுவிட்டது. அவள் அண்ணன் கம்பெனி கேட்டுக்கு வந்து, "எங்க வீட்டுப் பொண்ணு எவன் பாக்கெட்லயோ கை விட்டாளாமே" என்று வாட்ச்மேனிடம் கத்திவிட்டுப் போனான். அதை நாற்பத்தோரு பேரும் நின்று கேட்டோம்.

உன் கேள்வி எனக்கு மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. ஒன்று என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. நான் எழுதவில்லை. பதில் போட்டால் விஷயம் முன்னே போகும், போடாவிட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. சரி என்று சொன்ன வாயால் வேண்டாம் என்று எழுத வெட்கமாகவும் இருந்தது. பேசாமல் இருந்தேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

நாளைக்கு மறுபடி அதே டேபிளில் நிற்க வேண்டும். எனக்கு எதிரில் அந்த மிஷின் துணி போர்த்திக் கிடக்கிறது.

&nbsp;

மே 19

என் வாலு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கை கூசுகிறது.

தப்பு என்னுடையது. பதில் வரவில்லையென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும், அதுதான் விதி. அந்த விதியை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. என்றாலும் மீறினேன். ஏனென்று சொல்லிவிடுகிறேன். உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். பகலில் தண்ணீர் குடிக்காமல், காய்ச்சல் வந்து, அடிவயிறு வலிக்கும் சிநேகிதி யாரென்று கண்டுபிடிக்க அக்காவாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. அந்த ஆளை உலகம் பார்க்கக் கிழிக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை உன்னிடம் சொல்லவும் இல்லை. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நீ எதுவும் செய்யாதே. விசாரணை அறைப் பக்கமே போகாதே. காஜாப்பொண்ணு இல்லை என்று நாங்கள் இங்கிருந்து எழுதினால், அப்படியானால் யார் என்று தேடுவார்கள், இரண்டு நாளில் செக்கிங் டேபிளுக்கு வந்துவிடுவார்கள். உன் வேலை போகும், மாப்பிள்ளை வேலை போகும். வீட்டு வாடகைக்கு என்ன செய்வீர்கள்? ஊரெல்லாம் பேசும். அந்தப் பெண்ணிடம் யாரையாவது விட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல். அவள் வேலைக்குத் திரும்பிவிடுவாள். இரண்டு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை.

உன் அக்கா

&nbsp;

மே 30

அக்கா,

காய்ச்சல் இல்லை. பரிசோதனை செய்தேன், மாத்திரை சாப்பிடுகிறேன். இதோடு உடம்புப் பேச்சு முடிந்தது.

உன் கடிதத்தை இஸ்திரிக் கடை வாசலில் நின்றே படித்தேன். "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா. ஊருக்கெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று எழுதுகிற கை, எனக்கு மட்டும் மூடிக்கொள் என்று எழுதியிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, நீ அக்கா. அந்தப் பெண்ணைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? உன் நூற்று நாற்பது பேரில் ஒருத்திக்கு இதை எழுதுவாயா?

அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசற்படியைத் தாண்ட விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள். அங்கிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வரும் வழியில் எல்லாம் முடிவாகிவிட்டது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து கை கழுவும்போது சொல்லிவிட்டேன். முழுவதையும். குழாயை மூடாமலே நின்றார். பக்கெட் நிரம்பி வழிந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

குழாயை மூடினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. "வேலைய விட்டு நின்னுடுன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

"அதுக்குத்தான் சொல்லல."

"அவன் தினமும் என் பஸ்லதான் வர்றான். எனக்குப் பின்னாடி சீட்டு. தினமும் நான் அவனுக்கு வணக்கம் சொல்றேன்." இதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அப்போதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கோபம் என் மேலா, அவன் மேலா, வணக்கம் வைத்த தன் கை மேலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை.

விசாரணை ஜூன் பதினான்கு, காலை பத்து மணி. அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கூப்பிடாமலே போகப்போகிறேன்.

உன் தங்கை

&nbsp;

ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதம் விசாரணைக்கு முன்னால் வந்து சேராது என்று தெரிந்தே எழுதுகிறேன். நேற்றும் இன்றும் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுக்கவில்லை.

நீ கேட்டது நியாயம். நூற்று நாற்பது பேரில் ஒருத்திக்கும் அப்படி எழுதியிருக்க மாட்டேன். எழுதியதை நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே தலைவியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தச் சிநேகிதி என் தங்கைதான் என்பதையும் சேர்த்து. துணி வாங்கும் கம்பெனிக்கு அலுவலகத்தின் பேரில் கடிதம் போயிருக்கிறது: வேலை விவரம் எங்களால் மாற்றப்பட்டது, அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவள்மேல் நடவடிக்கை எடுத்தால் துணியை வாங்குகிறவர்களே பதில் சொல்ல வேண்டும் என்று. எங்கள் அலுவலகம் இதை விசாரித்து முடிக்கும் வரை என்னை அந்த மேஜையிலிருந்து நகர்த்திவிட்டார்கள். இப்போது தபால் பிரிக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஒவ்வொரு உறையிலும் உன் கையெழுத்தைத் தேடுகிறேன்.

நீ அந்த அறைக்குள் போகும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். நான் இருந்திருக்க வேண்டும்.

உன் அக்கா

&nbsp;

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை ஒரு முறைதான் சொல்கிறேன், நம்பு. உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

பதினான்காம் தேதி காலை டேபிளில் ஒரு கட்டுச் சட்டை செக் பண்ணி வைத்துவிட்டு, கத்தரியைக் கீழே வைத்தேன். லைன் நடுவில் எழுந்து நடந்தால் எல்லார் தலையும் திரும்பும். திரும்பியது. ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறை. நீள மேஜை, பர்சனல் ஆபீசர், மேனேஜர், எழுதிக்கொள்ள ஆபீசிலிருந்து ஒரு பெண். எதிரில் பாக்கெட், இங்கேயும் இரண்டு கையையும் ஃபைல் மேல் வைத்துக்கொண்டு. மூலையில் காஜாப்பொண்ணு. அவள் பின்னால் அப்பா.

"உன்னை யாரும்மா கூப்பிட்டா?" என்றார் ஆபீசர்.

"இந்தப் பேப்பர்ல இருக்கிறது நான் சொன்னது சார். இந்தப் பொண்ணு சொன்னது இல்ல. செக்கிங்னு போட்டா நான் மாட்டிக்குவேன்னு காஜான்னு மாத்திப் போட்டுட்டாங்க."

மேனேஜர், "பதினோரு வருஷம் இருக்கே, ஏன் இத்தனை நாள் வாயத் திறக்கல?" என்று கேட்டார்.

"பாத்ரூமே போகல சார். பாக்கெட்ல கை விடக் கூடாதுன்னு தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன். டாக்டர் சீட்டு கொண்டு வந்திருக்கேன்" என்று மேஜையில் வைத்தேன். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளும் எங்கள் லைனின் அதே டோக்கனைத்தான் வாங்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாக்கெட் சிரித்தார். "என் கை யார் மேலயாவது பட்டுச்சா, கேளுங்க சார்."

"படல சார். உங்க ரெண்டு கையும் ஃபைல் மேலதான் இருந்துச்சு. எங்க கைதான் எங்க இருந்துச்சுன்னு சொல்ல வந்திருக்கேன்" என்றேன். இதை எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஆபீசருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. காஜாப்பொண்ணு பக்கம் திரும்பி, ரொம்பக் கனிவாக, "பாரும்மா, உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு இந்தம்மாவே சொல்லிட்டாங்க. இப்ப கையெழுத்துப் போட்டுட்டு மிஷினுக்குப் போ" என்று அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் அப்பா, "போடும்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதுதான். போடு, போட்டுவிட்டு டைப்பிங் கிளாசுக்குப் போ.

அவள் பேனாவைத் தொடவில்லை.

"நான் எழுதலன்னுதான் சார் அன்னிக்கும் சொன்னேன். நடக்கலன்னு சொல்லவே இல்ல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அதுல இருக்கிறது எனக்கும் நடந்துச்சு. ஏழு தடவை. அதனாலதான் கையெழுத்துப் போடல."

அவள் அப்பா மகளைப் பார்த்தார், ஃபைல் மேல் இருந்த கைகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த மனுஷன் கையை ஓங்குவாரோ என்று நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் ஓங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா, அவள்மேல் பொய்யாக ஒன்றைச் சுமத்திவிட்டோம் என்று நீயும் நானும் மாறி மாறி அழுது எழுதிக்கொண்டிருந்தோம். பத்தடி தூரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளை நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்னையும் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பாக்கெட்டையும் லைனை விட்டு மாற்றியிருக்கிறார்கள், துணி வாங்குகிறவர்கள் இருபத்தைந்தாம் தேதி நேரில் வருகிறார்களாம், அதுவரைக்கும். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. நேற்று எங்கள் லைனிலிருந்து ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் பேசவில்லை, உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அவர்களில் மூன்று பேர் மறுபடி வந்து, தங்களுக்கும் நடந்ததைச் சொல்லி, அதையும் எழுதச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அவர்களுக்குப் பாய் எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவர்கள் போன பிறகு, இத்தனை நாள் கழித்து என்னிடம் முதல் வார்த்தை பேசினார். "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார்.

காஜாப்பொண்ணை அவள் அப்பாவே இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணனோடு இன்னும் சண்டைதான். நீ ஏப்ரலில் அனுப்பிய அறிக்கைப் பிரதியை அவளிடம் கொடுத்தேன். அந்தப் பகுதியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். மறுபடி எழுதும்போது காஜா மிஷின் என்றே இருக்கட்டுமா, மாற்றச் சொல்லட்டுமா என்று இந்தத் தடவை அவளையே கேட்டேன்.

"வயசு மட்டும் தப்பா இருக்குக்கா. இருபத்தாறுன்னு போட்டிருக்காங்க, இருபதுன்னு திருத்தச் சொல்லுங்க. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

உன் தங்கை